யாருக்கும் சொந்தமில்லாத தரை

1945 நவம்பர் 26, நியூயார்க். சவோய் என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஓர் ஒலிப்பதிவு நடக்கிறது. ஆல்டோ சாக்ஸஃபோனில் 25 வயது சார்லி பார்க்கர், ட்ரம்பெட்டில் டிஸ்ஸி கில்லெஸ்பி, டிரம்ஸில் மேக்ஸ் ரோச். தலைதெறிக்கும் வேகத்தில் ஒரு முன்னிசையை வாசித்து முடிக்கிறார்கள். அடுத்து ‘செரோக்கி’ என்ற பிரபலமான பாட்டின் மெட்டு தொடங்குகிறது. சில நொடிதான். வாசிப்பு சட்டென்று நிறுத்தப்படுகிறது. அந்த அரைகுறைப் பதிவை இன்றும் கேட்கலாம்.

மறுமுறை வாசித்தபோது மெட்டைக் காணோம். முன்னிசை முடிந்ததும் நேராகப் பார்க்கரின் தனி வாசிப்பு. பாட்டுக்கு ‘கோ-கோ’ என்று புதுப் பெயர். பீபாப் என்று பின்னால் அழைக்கப்பட்ட இசையின் முதல் பெரும் பதிவுகளில் அது ஒன்று.

மெட்டு ஏன் போனது? பொதுவாகச் சொல்லப்படும் காரணம், காசு. ‘செரோக்கி’ 1938-இல் ரே நோபல் என்ற ஆங்கிலேயர் எழுதியது. அந்த மெட்டை வாசித்தால், 1909-ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி, விற்கிற ஒவ்வொரு தட்டுக்கும் 2 சென்ட் பாட்டின் உரிமையாளருக்குப் போக வேண்டும். மெட்டை எடுத்துவிட்டால்? மிஞ்சுவது அதற்கு அடியில் ஓடும் கார்ட் வரிசை. அதை யாரும் சொந்தம் கொண்டாடியதில்லை. சட்டத்தின் கண்ணுக்கு அது பொதுச்சொத்து மாதிரி.

ஜாஸில் கார்ட்களை ஆராய்வது என்றாலே இன்று நமக்கு ஏதோ கணக்குப் பாடம் போலத் தோன்றுகிறது. ரோமன் எண்கள், அம்புக்குறிகள், யூடியூபில் வெள்ளைப் பலகை முன்னால் நின்று விளக்கும் ஆசிரியர்கள். ஆனால் இந்த ஆராய்ச்சிக்கு ஒரு பிழைப்பு வரலாறு உண்டு. அடுத்தவர் வீட்டைத் தொடாமல், அந்த வீடு நிற்கிற தரையை மட்டும் எடுத்துக்கொண்டு தனக்கென்று ஒன்றைக் கட்டியவர்களின் வரலாறு அது.

*

நம்மிடமும் இதற்குப் பக்கத்தில் வரும் ஒரு வழக்கம் இருந்தது. பழைய பாட்டுப் புத்தகங்களில் தலைப்புக்குக் கீழே இன்ன பாட்டின் மெட்டு என்று போட்டிருப்பார்கள். மெட்டு பழசு, வரிகள் புதுசு. ஜாஸ்காரர்கள் செய்தது இதற்கும் ஒரு மாடி கீழே இறங்கி. வரிகளையும் கழற்றிவிட்டார்கள், மெட்டையும் கழற்றிவிட்டார்கள். அடியில் இருந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மேலே புது மெட்டு போட்டார்கள்.

அடியில் இருப்பது என்ன? கார்ட் என்பது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சில ஸ்வரங்களின் கூட்டு. கச்சேரியில் தம்பூரா ஸ-ப-ஸ என்று அசையாமல் நிற்கும். பாடகர் எங்கே அலைந்தாலும் தரை நகராது. ஜாஸில் தரையே நகரும். ஒவ்வொரு பாருக்கும், அதாவது நாலு தட்டுக்கு ஒருமுறை, சில சமயம் இரண்டு தட்டுக்கு ஒருமுறை, கீழே கார்ட் மாறிவிடும். மேலே மனோதர்மமாக வாசிக்கிறவர் மாறும் தரைக்கு ஏற்பக் காலை எடுத்து வைக்க வேண்டும். முந்தின நொடியில் இனித்த ஸ்வரம் இந்த நொடியில் குத்தும்.

சரி, நகரும் தரையை எப்படிப் படிப்பது? ஓர் உதாரணம் போதும். ஜாஸ் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் மூன்று கார்ட்கள் உண்டு. இரண்டாம் ஸ்வரத்தின் மேல் ஒன்று, ஐந்தாம் ஸ்வரத்தின் மேல் ஒன்று, கடைசியில் வீடு. டூ-ஃபைவ்-ஒன் என்பார்கள். நம் ஸ்வரங்களில் எழுதினால் இப்படி வரும்: ரி-ம-த-ஸ, ப-நி-ரி-ம, ஸ-க-ப-நி.

கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதல் கூட்டில் இருக்கும் மத்யமம் இரண்டாவதிலும் இருக்கிறது. ஸ மட்டும் ஒரு படி இறங்கி நி ஆகிறது. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது நி அப்படியே நிற்கிறது. ம ஒரு படி இறங்கி க ஆகிறது. ஒரு கால் ஊன்றியிருக்க, மறு கால் அரைப் படி இறங்குகிறது. அவ்வளவுதான். இந்த இரண்டு கோடுகளைக் காதில் பிடித்துவிட்டால், கார்ட்கள் எத்தனை வேகமாக ஓடினாலும் வழி தெரியும். மற்ற ஸ்வரங்கள் எல்லாம் இந்தக் கோடுகளைச் சுற்றி ஏறுவதும் இறங்குவதும்தான்.

ஆக, கார்ட்களை ஆராய்வது என்றால் முதலில் வீடு எங்கே என்று பார்ப்பது. பிறகு நீளமான வரிசையை இப்படிச் சின்னச் சின்ன வீடு திரும்பல்களாகப் பிரிப்பது. பிறகு ஒவ்வொன்றிலும் எந்த ஸ்வரம் நிற்கிறது, எது இறங்குகிறது என்று பிடிப்பது. முப்பத்திரண்டு பார் கொண்ட ஒரு பாட்டு இந்தக் கண்ணுக்கு ஏழெட்டு வாக்கியங்களாகச் சுருங்கிவிடும்.

*

இந்தக் கண் ஒரே நாளில் வந்ததல்ல. ஜாஸின் தொடக்ககால வாசிப்பில் பெரும்பகுதி மெட்டை அலங்கரிப்பதுதான். கேட்பவருக்குப் பாட்டு அடையாளம் தெரியும். 1939 அக்டோபர் 11 அன்று கோல்மன் ஹாக்கின்ஸ் பதிவு செய்த ‘பாடி அண்ட் சோல்’ இதைக் கண்கூடாகப் புரட்டிப் போட்டது. ஜானி கிரீன் 1930-இல் மெட்டமைத்த காதல் பாட்டு அது. ஹாக்கின்ஸ் முதல் சில பார்களில் மெட்டைத் தொட்டுக் காட்டுகிறார். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மூன்று நிமிடம் சொச்சம் முழுக்கக் கார்ட்களின் மேலேயே நடக்கிறார். மெட்டே இல்லாத தட்டு நன்றாக விற்கவும் செய்தது.

இதில் ஒரு கசப்பு இருக்கிறது. சட்டப்படி அந்தத் தட்டில் இருப்பது கிரீனின் பாட்டு. ஹாக்கின்ஸ் அந்த இடத்திலேயே உருவாக்கிய இசை, கூலிக்கு வாசித்த வாசிப்பு, அவ்வளவுதான். மெட்டுக்குச் சட்டம் காவல் நின்றது. மனோதர்மத்துக்கு யாரும் நிற்கவில்லை. தட்டில் பதிந்த ஒலிக்கே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பாதுகாப்புத் தந்தது 1972-இல்தான்.

பார்க்கருக்கு இந்தப் படிப்பு அவமானத்தில் தொடங்கியது. 1936-இல், பதினாறு வயதை ஒட்டி, கான்சாஸ் சிட்டியின் ரெனோ கிளப்பில் பெரியவர்களோடு வாசிக்க ஏறினார். நடுவில் கார்ட்கள் கைவிட்டுப் போயின. டிரம்ஸ் வாசித்த ஜோ ஜோன்ஸ் ஒரு சிம்பலைக் கழற்றி அவர் காலடியில் எறிந்தார் என்பது ஜாஸ் உலகில் எல்லோருக்கும் தெரிந்த கதை. பையன் அழுதுகொண்டு போய் மாதக்கணக்கில் பயிற்சி செய்தான் என்று அதற்கு ஒரு பின்கதையும் உண்டு.

மூன்று வருடம் கழித்து, 1939 கடைசியில், ஹார்லெமில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பிடி ஃப்ளீட் என்ற கிடார்காரரோடு ‘செரோக்கி’யை வாசித்துக்கொண்டிருந்தபோது பார்க்கருக்கு ஒன்று பிடிபட்டது. கார்டின் அடி ஸ்வரங்களை விட்டுவிட்டு, அதற்கும் மேலே அடுக்கிக்கொண்டே போனால் வரும் ஸ்வரங்களை மெட்டின் வழியாக எடுத்துக்கொள்ளலாம். கீழே அதற்கேற்ற கார்ட்களைப் போட்டால் போதும். காதில் கேட்டுக்கொண்டே இருந்த ஒன்று கைக்கு வந்தது என்று பத்து வருடம் கழித்து ஒரு பேட்டியில் இதை நினைவுகூர்ந்தார்.

‘செரோக்கி’யைப் பிடித்ததும் தற்செயல் அல்ல. அதன் நடுப்பகுதி வாத்தியக்காரர்களைக் கலங்கடிக்கும் இடம். வீட்டிலிருந்து திடீரென்று தூரத்துச் சுருதி ஒன்றுக்குத் தாவி, அங்கிருந்து ஒவ்வொரு முழுப் படியாக இறங்கி இறங்கித் திரும்பி வரும். ஒவ்வொரு படியிலும் ஒரு டூ-ஃபைவ்-ஒன். பலர் அந்தப் பகுதியை ஒப்பேற்றிவிட்டு ஓடினார்கள். பார்க்கர் அங்கேயே உட்கார்ந்தார்.

*

1940-களின் தொடக்கத்தில் ஹார்லெமின் மின்டன்ஸ் பிளேஹவுஸ் இந்தப் படிப்பின் பள்ளிக்கூடமாக இருந்தது. பியானோவில் தெலோனியஸ் மங்க், டிரம்ஸில் கென்னி கிளார்க். வேலை முடிந்து நள்ளிரவுக்கு மேல் வருகிறவர்கள் மேடையேறி மோதிப் பார்ப்பார்கள். தகுதியில்லாதவர்களை விரட்டுவதற்காகவே பகலில் உட்கார்ந்து மாற்றுக் கார்ட்களைத் தயார் செய்வோம் என்று கில்லெஸ்பி பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

மாற்று என்பது எப்படின்னா, மேலே சொன்ன ப-நி-ரி-ம கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உயிர் ம, நி இரண்டிலும் இருக்கிறது. அந்த இரண்டையும் வைத்துக்கொண்டே மற்றதை மாற்றலாமா? மாற்றலாம். சுத்த ரிஷபத்தை அடியாக வைத்து சுத்த ரி-ம-சுத்த த-நி என்று ஒரு கூட்டு போட்டால், அதே ம, அதே நி உள்ளே இருக்கும். வேலையும் அதேதான், வீட்டுக்குத் திருப்புவது. ஆனால் அடி ஸ்வரம் எங்கோ தூரத்தில் போய் நிற்கும். பாட்டை மனப்பாடம் செய்து வந்தவர் விழுந்துவிடுவார். பாட்டை ஆராய்ந்து வந்தவர் நிற்பார்.

இவ்வளவும் நடந்த காலம் பெரும்பாலும் பதிவில் இல்லை. 1942 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க வாத்தியக் கலைஞர்கள் சங்கம் ஒலிப்பதிவுகளைப் புறக்கணித்து வேலைநிறுத்தம் செய்தது. பெரிய நிறுவனங்களான கொலம்பியாவும் விக்டரும் 1944 நவம்பரில்தான் இறங்கி வந்தன. தட்டில் கேட்டவர்களுக்கு பீபாப் திடீரென்று வானத்திலிருந்து விழுந்தது போல இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பதிவுகள் மீண்டும் தொடங்கியபோது, பழைய தரையில் புது வீடுகள் வரிசையாக எழுந்தன. ஜார்ஜ் கெர்ஷ்வினின் 1930-ஆம் வருடப் பாட்டான ‘ஐ காட் ரிதம்’ அடியிலிருந்து ‘ஆந்த்ரபாலஜி’ வந்தது. டியூக் எல்லிங்டன் 1940-இலேயே ‘காட்டன் டெய்ல்’ போட்டிருந்தார். சானி ராலின்ஸ் 1954-இல் ‘ஓலியோ’ போட்டார். இன்றும் அந்த வரிசைக்கு ‘ரிதம் சேஞ்சஸ்’ என்றே பெயர். பாட்டின் பெயரில் பாதி தேய்ந்து, கார்ட்களின் பெயராகிவிட்டது. ‘ஹவ் ஹை த மூன்’ அடியில் ‘ஆர்னிதாலஜி’. எல்லாம் பிராட்வே மேடைக்காக எழுதப்பட்டவை. அந்த மேடைகளில் இந்தக் கறுப்பினக் கலைஞர்களுக்கு இடம் சொற்பம். அந்தப் பாட்டுகளின் வருமானத்திலும் பங்கில்லை. பாட்டுக்கு அடியில் இருந்தது மட்டும் கைக்கு எட்டியது. அதற்கு மேல் போட்ட மெட்டைத் தன் பெயரில் பதிவு செய்ய முடிந்தது.

அதனால் எல்லோரும் பணக்காரர்கள் ஆனார்கள் என்று இல்லை. பார்க்கர் 1955-இல் 34 வயதில் இறந்தார். கடைசி வருடங்கள் கடனும் போதையும் நோயும்தான். ஆனால் ஒரு பாட்டைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. பாட்டு என்றால் மெட்டு என்று நினைத்த இடத்தில், மெட்டு என்பது இந்தத் தரையில் சாத்தியமான பல நடைகளில் ஒன்று என்றாகிவிட்டது.

*

‘கோ-கோ’ பதிவான அன்று அந்த அமர்வில் 19 வயதுப் பையன் ஒருவனும் இருந்தான். மற்றப் பாட்டுகளில் ட்ரம்பெட் வாசித்தவன். பெயர் மைல்ஸ் டேவிஸ். அந்தக் காலத்தில் அவனுடைய லட்சியம் எல்லாக் கார்ட் வரிசைகளையும் கற்றுத் தீர்த்துவிடுவது. பதினாலு வருடத்தில் அவரே அதற்கு நேர் எதிர்ப்பக்கம் போய் நின்றார்.

1959 மார்ச் 2, ஏப்ரல் 22. இரண்டே நாளில் மைல்ஸ் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ தொகுப்பைப் பதிவு செய்தார். அதன் முதல் பாட்டு ‘ஸோ வாட்’. 32 பார். முதல் 16 பாருக்குத் தரை நகர்வதே இல்லை. அடுத்த 8 பாருக்கு ஒரே ஒரு அரைப் படி மேலே. கடைசி 8 பாருக்குத் திரும்பவும் பழைய இடம். கார்ட் வரிசைக்குப் பதிலாக ஒரு ஸ்வர வரிசை. மேற்கில் டோரியன் என்பார்கள். ஸ்வரங்களை மட்டும் பார்த்தால் நம் கரஹரப்பிரியாதான். அதனால் அது ராகம் ஆகிவிடாது. கமகம் இல்லை, பிடிப்புகள் இல்லை. ஆனால் வாசிக்கிறவருக்குக் கிடைத்த சௌகரியம் நமக்குப் பழக்கமானது: அசையாத தரை, ஆற அமர யோசிக்க நேரம்.

அந்தத் தொகுப்பில் டெனர் சாக்ஸஃபோன் வாசித்தவர் ஜான் கோல்ட்ரேன். அதன் ஈரம் காய்வதற்குள், மே மாதத் தொடக்கத்தில், அவர் தன் பெயரில் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ பதிவு செய்தார். பேஸ் வாசித்த பால் சேம்பர்ஸ் இரண்டிலும் உண்டு. ஆனால் இரண்டும் இரண்டு துருவம்.

‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ 16 பார்தான். அதற்குள் 26 கார்ட். எண்ணிக்கையைவிடப் பயங்கரமானது அதன் அமைப்பு. ஸ்தாயியின் பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களைச் சமமாக மூன்றாகப் பிரியுங்கள். ஸ, அந்தர காந்தாரம், சுத்த தைவதம். இந்த மூன்றுமே வீடு. மூன்றுக்கும் சம உரிமை. பாட்டு தொடங்கி மூன்றாவது பாருக்கு வரும்போதே மூன்று வீட்டிலும் நுழைந்தாகிவிட்டது. நம் பாஷையில் சொன்னால் ஆதார ஷட்ஜம் வினாடிக்கு வினாடி இடம் மாறுகிறது. ஒரு சுற்று முடிய சுமார் 13 நொடி. பல கார்ட்களுக்கு அரை நொடிகூடக் கிடையாது.

இந்த மும்முனைத் தாவலின் சாயலை 1937-ஆம் வருடப் பாட்டு ஒன்றின் நடுப்பகுதியிலேயே பார்க்கலாம்: ராட்ஜர்ஸ்-ஹார்ட் இணையின் ‘ஹேவ் யூ மெட் மிஸ் ஜோன்ஸ்’. கோல்ட்ரேன் அந்தத் தாவலையே முழுப் பாட்டாக்கினார். பழைய தரையையும் அவர் விடவில்லை. ‘ஹவ் ஹை த மூன்’ அடியில் தன் மும்முனைத் தாவல்களைச் செருகி ‘சாட்டிலைட்’ செய்தார். பார்க்கரின் ‘கன்ஃபர்மேஷன்’ அடியில் ‘26-2’ செய்தார். பிராட்வேகாரர் போட்ட தரையில் பார்க்கர் கட்டினார். கோல்ட்ரேன் அந்தத் தரையையே பெயர்த்துக் கல்லை மாற்றிப் பதித்தார்.

*

‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ பதிவை இப்போது கேட்டுப் பாருங்கள். கோல்ட்ரேன் மூச்சு விடாமல் சுற்று மேல் சுற்றாகப் போகிறார். அவர் கையாளும் துணுக்குகளில் ஒன்று மிக எளிமையானது: அந்தந்தக் கார்டின் அடியை ஸ ஆக வைத்து ஸ-ரி-க-ப. மோகனத்தின் முதல் நாலு ஸ்வரம். இதே துணுக்கு வெவ்வேறு சுருதியில் திரும்பத் திரும்ப வருகிறது. அதாவது, அந்தக் கணத்தில் பிறப்பதுபோல் ஒலிக்கும் அந்த வெள்ளத்தில் கணிசமான பங்கு முன்கூட்டி வீட்டில் உழைத்து வைத்தது.

ஏறத்தாழ மூன்றாவது நிமிடத்தில் பியானோவுக்கு முறை வருகிறது. டாமி ஃப்ளானகன். சாதாரண ஆள் இல்லை. ராலின்ஸின் ‘சாக்ஸஃபோன் கொலாசஸ்’ தொகுப்பில் வாசித்தவர். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுக்குப் பல வருடம் பக்கவாத்தியம் வாசித்தவர். கார்ட்களைத் தெரியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இங்கே அவர் வாக்கியங்கள் பாதியில் அறுகின்றன. ஒரு துணுக்கு, ஒரு மௌனம், இன்னொரு துணுக்கு. கடைசியில் ஒற்றை ஸ்வரக் கோட்டைக் கைவிட்டு வெறும் கார்ட்களை அழுத்திக்கொண்டு போகிறார். அந்த வேகத்தை அவர் எதிர்பார்க்கவில்லை என்றுதான் ஜாஸ் உலகில் பேச்சு.

இந்தத் தனி வாசிப்பை வைத்து இணையத்தில் நிறையக் கேலி நடக்கிறது. எனக்கு அது வேறு மாதிரி கேட்கிறது. கார்ட்களை ஆராய்வது என்றால் உண்மையில் என்ன என்பதை அந்தத் தொகுப்பிலேயே நேர்மையாகச் சொல்லும் இடம் அதுதான். டூ-ஃபைவ்-ஒன் எல்லாம் ஃப்ளானகனுக்கு ரத்தத்தில் இருந்தது. இல்லாதது, இந்த மூன்று வீடுகளுக்கு நடுவே உலவிப் பழகிய நாட்கள். அறிவது வேறு, குடியிருப்பது வேறு. பார்க்கர் ‘செரோக்கி’யின் நடுப்பகுதியில் வருடக்கணக்கில் குடியிருந்தார். கோல்ட்ரேன் தன் முக்கோணத்தில் குடியிருந்துவிட்டு வந்தார். ஃப்ளானகனுக்குச் சாவி மட்டும் கொடுக்கப்பட்டது.

கோல்ட்ரேனும் அங்கேயே தங்கவில்லை. அடுத்த வருடமே ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ மாதிரி, ஒன்றிரண்டு கார்ட்களின் மேல் நெடுநேரம் சுழலும் வாசிப்புக்குப் போய்விட்டார். கார்ட்களின் எல்லையைத் தொட்டுப் பார்த்தவருக்குத்தான் அவை இல்லாமலும் நடக்கலாம் என்ற துணிச்சல் வந்தது.

*

பிறகு படிப்பு இடம் மாறியது. மின்டன்ஸில் விரட்டி விரட்டிக் கற்றுக்கொடுத்தது, பாஸ்டனின் பெர்க்லீ போன்ற கல்லூரிகளில் பாடத்திட்டமானது. 1970-களில் அங்கே மாணவர்கள் நூற்றுக்கணக்கான பாட்டுகளின் மெட்டையும் கார்ட்களையும் கையால் எழுதித் தொகுத்து, அனுமதி இல்லாமலேயே நகலெடுத்து விற்றார்கள். ‘ரியல் புக்’ என்று பெயர். பதிப்புரிமையைச் சுற்றிக்கொண்டு பிறந்த இசையின் பாடநூலும் பதிப்புரிமைக்கு வெளியே பிறந்தது. சட்டபூர்வமான பதிப்பு 2004-இல்தான் வந்தது. இன்று அதே கார்ட்கள் மொபைல் செயலியில் இருக்கின்றன. எந்தப் பாட்டு வேண்டுமானாலும், எந்தச் சுருதியில் வேண்டுமானாலும். காலடியில் யாரும் சிம்பல் எறிய மாட்டார்கள்.

நல்லதுதான். ஹார்லெமில் பிறக்காதவர்களுக்கும் கதவு திறந்தது. ஆனால் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ இப்போது ஒரு தேர்வுத்தாள். எந்த வேகத்தில் வாசிக்க முடியும், பன்னிரண்டு சுருதியிலும் வருமா என்றுதான் பேச்சு. தரையை அளக்கத் தெரிந்தவர்கள் பெருகிவிட்டார்கள். அளப்பது எதற்காகத் தொடங்கியது என்பது பாடத்தில் பெரும்பாலும் வருவதில்லை. தன்னுடையது என்று சொல்ல ஒரு மெட்டு, அதற்குத் தன் பெயர், முடிந்தால் தட்டுக்கு 2 சென்ட்.

கோல்ட்ரேன் 1967 ஜூலையில் இறந்தார். 1982-இல், முதல் பதிவு நடந்து 23 வருடம் கழித்து, டாமி ஃப்ளானகன் தன் மூவர் குழுவோடு ஒரு தொகுப்பு செய்தார். பேஸில் ஜார்ஜ் ம்ராஸ், டிரம்ஸில் அல் ஃபாஸ்டர். கோல்ட்ரேன் நினைவுக்கு என்று அதில் போட்டிருக்கிறது. தொகுப்பின் பெயர் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’. அந்தப் பாட்டும் அதில் உண்டு. அதே 16 பார், அதே 26 கார்ட். இந்த முறை வாக்கியங்கள் அறுபடவில்லை.